புறநகரைக் கலைஞர்கள் எங்கே நின்று பார்த்தார்கள்?

கேள்வி இதுதான்: நகரம் தன் எல்லையைத் தாண்டி, வயலும் மேய்ச்சல் நிலமும் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகளாகப் பரவுவதை ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள்? ‘ஒரே அச்சில் வார்த்த வீடுகள், அதற்குள் ஒரே அச்சில் வார்த்த மனிதர்கள்’ என்ற கேலியைத் தவிர வேறு ஏதாவது சொன்னார்களா?

நிறையவே சொன்னார்கள். ஆனால் அந்தக் கேலிதான் முதலில் கண்ணில் படும். காரணம், புறநகர் என்றதும் நம் நினைவுக்கு வரும் படம் பெரும்பாலும் உயரத்திலிருந்து எடுத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊரும் ஒரே மாதிரிதான் தெரியும். ஓவியமா புகைப்படமா, எந்தக் காலம், எந்தப் பாணி என்பதையெல்லாம்விட, கலைஞர் எங்கே நின்றுகொண்டு பார்த்தார் என்பதை முதலில் கேட்டால் இந்தப் படங்கள் நன்றாகப் பிடிபடும் என்பது என் கருத்து. விமானத்திலா, தெருவிலா, வீட்டுக்குள்ளா? அந்த வழியிலேயே சொல்கிறேன். உதாரணங்கள் அதிகமும் அமெரிக்காவிலிருந்து வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த மாதிரி வீட்டுமனைப் பெருக்கம் மிகப் பெரிய அளவில் நடந்ததும், கலைஞர்கள் அதை விடாமல் பின்தொடர்ந்ததும் அங்கேதான்.

ஆனால் தொடக்கம் லண்டன். 1829இல் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற கேலிச்சித்திரக்காரர் ‘லண்டன் ஊரை விட்டுப் புறப்படுகிறது, அல்லது செங்கல் சுண்ணாம்பின் படையெடுப்பு’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு செதுக்குச் சித்திரம் வெளியிட்டார். சூளையிலிருந்து செங்கற்கள் பீரங்கிக் குண்டுகளைப் போல வானத்தில் வளைந்து பறந்து வயலில் விழுகின்றன. புகைபோக்கியே தலையாகவும், மண்வெட்டியும் கடப்பாரையும் கைகால்களாகவும் கொண்ட கூலிப்படை முன்னேறி வருகிறது. வைக்கோற்போர்கள் உயிர் வந்தவை போல ஓடுகின்றன, மரங்கள் அடிபட்டுக் கதறுகின்றன, மாடுகள் சிதறுகின்றன. பின்னால் புகை மூட்டத்தில் புனித பால் தேவாலயத்தின் கோபுரம். குரூக்‌ஷாங்க் அப்போது குடியிருந்தது லண்டனின் வடக்கு விளிம்பில். வீட்டைச் சுற்றியிருந்த வயல்கள் ஒவ்வொன்றாக வீடாவதை அன்றாடம் பார்த்தவர். அதனால்தான் அந்தக் கோபத்தில் இவ்வளவு உயிர் இருக்கிறது. புறநகர் பற்றிப் பின்னால் வந்த எல்லாக் குற்றச்சாட்டுக்கும் இதுதான் மூலப்படம் என்று எனக்குத் தோன்றும். நிலத்தின் பக்கம் நின்று வரைந்த படம் அது. குடியேறப் போகிறவர்கள் அதில் இல்லை.

பாரிஸ் பக்கம் வந்தால், இம்ப்ரெஷனிஸ்டுகள், அதாவது திறந்தவெளியில் நின்று ஒளியையும் அன்றாடக் காட்சிகளையும் வரைந்த ஓவியர்கள், ரயில் ஏறிப் போன இடங்களெல்லாம் புறநகர்தான். 1870களில் அவர்களில் ஒருவரான மோனே வாழ்ந்த அர்ஜாந்தெய் அப்படிப்பட்ட ஊர். சூரா என்ற ஓவியர் 1884இல் முடித்த அஸ்னியேர் குளியல் ஓவியத்தில், ஆற்றங்கரையில் ஓய்வெடுக்கும் இளைஞர்களுக்குப் பின்னால் கிளிஷியின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அழகும் புகையும் ஒரே சட்டகத்தில். இதை விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும், அதனால் அமெரிக்காவுக்குப் போகிறேன்.

அங்கே நடந்ததன் பின்னணி சுருக்கமாக: 1934இல் வீட்டுக்கடனுக்கு அரசு காப்பீடு வந்தது, 1944இல் போர் முடித்துத் திரும்புகிறவர்களுக்குக் கடன் சலுகை வந்தது, 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த இடத்தில் 1947 முதல் 1951 வரை லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் ஓரிடத்தில் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆட்கள் தங்கள் வேலையை மட்டும் செய்துவிட்டு அடுத்த மனைக்கு நகர்ந்தார்கள். தொடக்கத்தில் அந்த வீடுகளின் குத்தகைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படங்களில் யார் இல்லை என்று பார்க்கும்போது தேவைப்படும்.

இனி விமானத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் லாங் பீச்சை ஒட்டி லேக்வுட் என்ற குடியிருப்பை 1950இல் கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 17,500 வீடுகள். கட்டுமான நிறுவனத்தார் வேலையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்ய வில்லியம் கார்னெட் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார்கள். போரிலிருந்து திரும்பிய பிறகு விமானம் ஓட்டக் கற்றவர், தானே ஓட்டிக்கொண்டு தானே படமெடுப்பவர். அவர் எடுத்த ஆறு படங்கள் ஒரு வரிசையாக இன்று லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் மண்ணைச் சமன் செய்வது. அடுத்து பள்ளம் தோண்டுவது. அப்புறம் கான்கிரீட் தளம், மரச் சட்டகம், பூச்சும் கூரையும், கடைசியில் முடிந்த வீடுகள்.

இவற்றில் மரச் சட்டகம் நிற்கும் படத்தை நிதானமாகப் பாருங்கள். சாய்வான வெயில் விழுவதால் ஒவ்வொரு மரத்துண்டும் தன் நிழலோடு சேர்ந்து இரட்டைக் கோடாகத் தெரிகிறது. எது மரம், எது நிழல் என்று பிரிக்கச் சற்று நேரம் பிடிக்கும். ஆள் ஒருவரும் கண்ணில் படுவதில்லை. மனை ஒவ்வொன்றும் 50 அடிக்கு 100 அடி என்பதையோ, வாடகை வீட்டில் குழந்தைகளோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அங்கே வரக் காத்திருக்கிறது என்பதையோ அந்தப் படம் சொல்லாது. ஆனால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

இந்தப் படங்களுக்கு நேர்ந்ததுதான் முக்கியம். கட்டியவர்கள் பெருமைக்காக எடுக்கச் சொன்ன படங்கள், 1960களில் அமெரிக்க நிலத்தைப் பாழாக்குவதைக் கண்டித்த புத்தகங்களில் குற்றச்சாட்டுக்குச் சான்றாக அச்சாயின. விளம்பரமாக இருந்தது வழக்காக மாற, வேறு புத்தகத்தில் வேறு தலைப்பின் கீழ் வந்ததே போதுமாக இருந்தது. கார்னெட்டுக்கே இந்தக் குடியிருப்புகள் பிடிக்கவில்லை என்பது உண்மை. பிறகு அவர் பாலைவனம், மணல்மேடு, கடற்கரை என்று நிலத்தின் அழகை எடுக்கத் திரும்பினார். ஆனால் லேக்வுட்டிலேயே வளர்ந்து, அந்த நகராட்சியிலேயே வேலை பார்த்த டி. ஜே. வால்டி என்ற எழுத்தாளர் 1996இல் தன் ஊரைப் பற்றி எழுதிய நூலில், அதே படங்களுக்கு நேர்மாறாக, உள்ளே வாழ்ந்தவர்களின் கதையைச் சொன்னார். மேலேயிருந்து வெறும் கட்டமாகத் தெரிந்தது அவருக்குத் தன் தாய் தந்தையர் வாழ்ந்து மறைந்த வீடு. வான்வழிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓர் ஊரைப் பற்றி முடிவுக்கு வருவதில் எனக்கு உடன்பாடே இல்லை, அதற்கு வால்டியும் ஒரு காரணம்.

உயரத்தைப் பயன்படுத்தியும் வேறு மாதிரி பார்க்கலாம் என்று காட்டியவர் எட் ரூஷே என்ற கலைஞர். 1967இல் அவர் வெளியிட்ட ‘34 கார் நிறுத்துமிடங்கள்’ என்ற சிறு புத்தகத்துக்காக ஒரு வான்வழிப் புகைப்படக்காரரை அமர்த்தி, ஞாயிறு காலையில், கார்கள் இல்லாத நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸின் நிறுத்துமிடங்களை மேலிருந்து எடுக்கச் செய்தார். வெறும் தார், வெள்ளைக் கோடுகள். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சின் எண்ணெய் சொட்டிய கறை இருக்கிறது. கடை வாசலுக்குப் பக்கத்துக் கட்டங்களில் கறை அடர்த்தி, தள்ளிப் போகப் போக வெளிறிவிடும். யாருமில்லாத படத்தில் எல்லோருடைய பழக்கமும் பதிவாகியிருக்கிறது.

அதே ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரையில் டான் கிரஹாம் என்ற கலைஞர் தரையில் இறங்கினார். சாதாரண இன்ஸ்டாமேட்டிக் கேமராவோடு நியூஜெர்சியின் புதிய குடியிருப்புகளில் சுற்றிப் படமெடுத்து, 1966 இறுதியில் ‘ஆர்ட்ஸ்’ இதழில் ‘ஹோம்ஸ் ஃபார் அமெரிக்கா’ என்ற பக்கங்களாக வெளியிட்டார். கட்டுரை போலவும் இருக்கும், கலைப்படைப்பு போலவும் இருக்கும். அதில் ஃபுளோரிடாவின் ஒரு மனைத்திட்டம் தந்த தேர்வுகளை அப்படியே பட்டியல் போடுகிறார். எட்டு வகை வீடு, எட்டு நிறம். வீட்டு வகைகளுக்கு சொனாட்டா, நாக்டர்ன், ராப்சடி என்று இசைப் பெயர்கள். எட்டையும் எட்டையும் எப்படியெல்லாம் மாற்றி அடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். நியூயார்க் காட்சிக்கூடங்களில் அப்போது மினிமலிஸ்டுகள், அதாவது அலங்காரமில்லாத எளிய வடிவங்களை மட்டும் பயன்படுத்திய கலைஞர்கள், ஒரே அளவுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதே தர்க்கம் வெளியே மனை வியாபாரத்தில் ஏற்கெனவே நடப்பதை கிரஹாம் சுட்டினார். அறிவுக்கூர்மையான வேலை. ஆனால் அவரும் எந்த வீட்டின் கதவையும் தட்டவில்லை.

1975 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ என்ற கண்காட்சி திறந்தது. தொகுத்தவர் வில்லியம் ஜென்கின்ஸ். மனிதன் மாற்றியமைத்த நிலம்தான் பொருள். பத்துப் பேர் பங்கேற்றார்கள். ஸ்டீபன் ஷோர் மட்டும் வண்ணம், மற்றவர்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளை. அதுவரை அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படம் என்றால் மனித வாடையே இல்லாத மலையும் அருவியும். இவர்கள் மலையடிவாரத்து வீடுகளையும், கிடங்குச் சுவர்களையும், காலி மனைகளையும் எடுத்து, இதுவும் நிலக்காட்சிதான் என்றார்கள். புறநகரைப் படமெடுக்கும் எவரும் இன்றைக்கும் இந்தக் கண்காட்சியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தப் பத்துப் பேரில் லூயிஸ் பால்ட்ஸ் பிறந்ததே கலிபோர்னியாவில் இந்த மாற்றம் நடந்த நியூபோர்ட் பீச்சில். 1969 முதல் 1971 வரை எடுத்த மனைவீடுகள் வரிசையிலும், 1974இல் வெளியான இர்வைன் தொழிற்பேட்டைகள் வரிசையிலும் சுவர், கதவு, ஜன்னல், சுவரின் நிழல், அவ்வளவுதான். உள்ளே பெண்கள் காலுறை தயாராகிறதா, லட்சக்கணக்கானோரைக் கொல்லும் ஆயுதம் தயாராகிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சுவர்கள் முன்னால் நீண்ட நேரம் நிற்க முடிவதில்லை.

என்னை நிற்க வைப்பவர் ராபர்ட் ஆடம்ஸ். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, கொலராடோவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1962இல் அங்கே திரும்பி வந்தபோது தான் அறிந்திருந்த சமவெளியில் வீடுகள் முளைத்திருப்பதைப் பார்த்து மனம் நொந்தார். அதற்குப் பிறகுதான் கேமராவை எடுத்தார். 1974இல் ‘தி நியூ வெஸ்ட்’ புத்தகம் வந்தது. அவருடைய மிகப் பிரபலமான படம் 1968இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எடுத்தது. தாழ்வான ஒரு புது வீடு, முன்னால் புல்தரை. அகன்ற ஜன்னலுக்குள் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் வீட்டின் மறுபக்க ஜன்னல் வழியே வெளிச்சம் வருவதால் அவள் வெறும் கருநிழலாக, பக்கவாட்டில் தெரிகிறாள். வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. கூரையும் சிமெண்ட் நடைபாதையும் பளீரென்று வெள்ளை.

இதைப் ‘புறநகர்த் தனிமை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தனிமை இருக்கிறதுதான். ஆனால் ஆடம்ஸ் சொல்லிவந்தது இன்னொன்று: இந்த வீடுகளையும் சாலைகளையும்விட அவற்றின் மேல் விழும் ஒளிதான் தன் உண்மையான பொருள், எவ்வளவு சீரழிந்த நிலத்தின் மேலும் அந்த ஒளியின் அழகு அழியாமல் இருக்கிறது என்று. வெறுப்போடு தொடங்கியவர் படமெடுக்க எடுக்க இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். நிலத்துக்கு நடந்த அநியாயத்தை அவர் மன்னிக்கவில்லை, அந்த வீட்டில் இருப்பவளைப் பரிகாசமும் செய்யவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது, அதே பொருளை எடுத்த மற்றவர்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஓவியத்தில் இதே தெருமட்டப் பார்வை ராபர்ட் பெக்டிலுடையது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காரர். புகைப்பட ஸ்லைடை ஓவியத் துணியின் மேல் பாய்ச்சி அதன் மேல் வரையும் புகைப்பட யதார்த்தவாதி. 1968–69இல் அவர் வரைந்த ‘61 போண்டியாக்’ ஓவியத்தில் காருக்கு முன் மனைவி, இரு குழந்தைகளோடு நிற்பவர் அவரேதான். தன்னையும் சேர்த்து வரைந்துகொண்டவருக்குக் கேலி செய்ய உரிமை குறைவு. அவர் அதைச் செய்யவுமில்லை. ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் ஆர்க்லி வேறு வழியில் போனார். மனை விற்பனை விளம்பரங்களில் வரும் மெல்போர்ன் வீடுகளை எடுத்துக்கொண்டு, ஏர்பிரஷ்ஷால் கண்ணைப் பறிக்கும் நிறங்களில், சுவர்க்காகித டிசைன்களோடு வரைந்தார். அங்கே படித்தவர்கள் புறநகரை அசிங்கம் என்று எழுதிக்கொண்டிருந்த மரபுக்கு அது நேரடி மறுப்பு. 1999இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் காட்சி வைத்தார். அதே ஆண்டில் 48 வயதில் இறந்துபோனார்.

சரி, வீட்டுக்குள் போனவர்கள் யார்? முதல் பெயர் பில் ஓவன்ஸ். கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில் புகைப்படக்காரர். தானும் அங்கேயே குடியிருந்தவர். அண்டை அயலாரைப் படமெடுத்து, அவர்கள் சொன்னதையே படத்துக்குக் கீழே போட்டு, 1970களின் தொடக்கத்தில் ‘சபர்பியா’ என்ற புத்தகமாக்கினார். ஒரு தம்பதி குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே, நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம், நல்ல வீடு, நல்ல சாப்பாடு என்கிறார்கள். இன்னொரு படத்தில், தலையில் கர்லர் சுருள்களோடு, கையில் குழந்தையோடு ஒரு பெண் சமையலறையில் நிற்கிறாள். சுற்றிலும் கழுவாத பாத்திரம். வியட்நாமில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது பாத்திரம் கழுவுவதைப் பற்றி நான் எப்படிக் கவலைப்படுவது என்கிறாள். ‘ஒரே அச்சில் வார்த்த மனிதர்கள்’ என்பதற்கு இந்த ஒரு படமே போதுமான பதில். உயரத்திலிருந்து பார்த்தால் அவள் வீடும் பக்கத்து வீடும் ஒன்றுதான்.

இருந்தாலும், படமெடுத்தவர் தேர்ந்தெடுத்த வாக்கியம்தானே அச்சாகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இடம் கொடுத்தவர் லேரி சுல்தான். அவருடைய தந்தை 1949இல் புரூக்ளினிலிருந்து குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து, ஒரு சவர பிளேடு நிறுவனத்தில் உயர்பதவி வரை போய், பிறகு வேலையை இழந்தவர். பெற்றோரைப் பல ஆண்டுகள் படமெடுத்து 1992இல் ‘பிக்சர்ஸ் ஃப்ரம் ஹோம்’ வெளியிட்டார் சுல்தான். பச்சைக் கம்பளம் விரித்த அறையில், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிக்கு முன்னால், தந்தை அரைக்கால் சட்டையோடு கோல்ஃப் மட்டையை வீசிப் பழகுகிறார். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் வசதியான வெறுமை என்று சொல்லிவிடலாம். ஆனால் புத்தகத்தில் தந்தை எதிர்த்துப் பேசுகிறார். கோட் சூட்டோடு கட்டில் ஓரத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தைக் குறித்து, அது நானில்லை, அங்கே உட்கார்ந்திருப்பது நீதான், உனக்கு உதவுகிறேன் ஆனால் இதைத் தெளிவாக வைத்துக்கொள் என்ற பொருளில் மகனிடம் சொல்கிறார். மகன் அதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார். புறநகர்க் கலையில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்கள் இவை. பார்க்கப்படுகிறவர் பார்ப்பவரிடம் கணக்குக் கேட்கிறார்.

கிரெகரி க்ரூட்சன் திரைப்படக் குழுவை வைத்து அமைத்த அந்திவேளைக் காட்சிகளும், டாட் ஹைடோ இரவில் காரை நிறுத்தி எடுத்த ஒற்றை ஜன்னல் வெளிச்சங்களும் இன்று மிகப் பிரபலம். திறமையானவைதான். ஆனால் அவை வீட்டைவிட மர்மத்தில் அதிக ஆர்வம் காட்டுகின்றன, அதனால் விரைவாகக் கடக்கிறேன்.

லெவிட்டவுன் பத்திரத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். இதுவரை சொன்ன அமெரிக்கப் படங்களில் வரும் முகங்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை முகங்கள். அது கலைஞர்களின் குறை மட்டுமே என்று சொல்ல முடியாது. கடனும் பத்திரமும் யாரை உள்ளே விட்டனவோ அவர்கள்தான் கேமராவுக்கும் கிடைத்தார்கள். 2000களில் ஷீலா ப்ரீ பிரைட் அட்லாண்டா புறநகர்களில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தாரின் வீட்டு உட்புறங்களைப் படமெடுத்து, அந்தத் தொடருக்கும் ‘சபர்பியா’ என்றே பெயர் வைத்தார். ஓவன்ஸின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய தொடர் அது.

மெக்சிகோவில் கதை 2000க்குப் பிறகு வேகமெடுத்தது. வீட்டுக்கடன் பெருக, நகரங்களின் வெளி விளிம்பில் மிகச் சிறிய வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அலெஹாந்த்ரோ கார்த்தஹேனா மான்டெரே நகரைச் சுற்றி இவற்றைப் படமெடுத்தார். பெரிய மலைகளின் அடியில் தீப்பெட்டி அளவில் வீடுகள், வற்றிப்போன ஆறுகள். இதுவரை ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ வழிதான். ஆனால் 2011இல் அவர் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஏறி நின்று, கீழே போகும் பிக்கப் வண்டிகளை நேர் மேலிருந்து எடுக்க ஆரம்பித்தார். வண்டியின் பின்பக்கத் தொட்டியில் கட்டட வேலைக்குப் போகும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூக்கம், சிலர் போர்வைக்குள், பக்கத்தில் மண்வெட்டி, கயிறு, வாளி. வீடு ஒரு மூலையில், வேலை இன்னொரு மூலையில், நடுவில் பேருந்து இல்லை. இந்த ஊர்ப்பெருக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இதைவிட நேராகக் காட்டிய படங்களை நான் பார்த்ததில்லை. கார்னெட்டைப் போலவே மேலிருந்துதான் பார்க்கிறார். ஆனால் ஒரு பாலத்தின் உயரம்தான், முகம் தெரிகிறது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால், கார்னெட்டின் ஆறு லேக்வுட் படங்களையும் கெட்டி அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் வரிசையாகப் பாருங்கள். உடனே ஓவன்ஸின் சமையலறைப் பெண்ணைத் தேடிப் பாருங்கள். ஆடம்ஸை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நேரம் வேண்டும். சுல்தானை இணையத்தில் தனிப்படமாகப் பார்ப்பதைவிட நூலகத்தில் புத்தகமாக எடுத்துப் படிப்பது நல்லது, ஏனென்றால் தந்தை பேசுவது அதில்தான் இருக்கிறது.